கருப்பை வாய் சதைப் பரிசோதனையை மாவட்டத்துக்குள்ளேயே முழுமையாகச் செய்து தரக் கோரும் மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர், குலசேகரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாகச் சிகிச்சை பார்த்த மருத்துவமனையில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. அதனால் தங்களிடம் வருகிறேன்.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் தாங்கள் அறியாததல்ல. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்களில் என் மைனியும் ஒருவர். கருப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை முகாமில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தபோது கருப்பை வாயில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. சதை எடுத்து அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து, "மாதிரி போதவில்லை, மீண்டும் எடுக்கவும்" என்று தாள் வந்தது. மறுபடி எடுத்தார்கள். இந்த முறை, "சிஐஎன் 2 ஆக இருக்கலாம், பி16 சாயச் சோதனை தேவை." சிஐஎன் என்றால் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமாம், 1 முதல் 3 வரை படி உண்டாம். சிகிச்சை தேவைப்படும் மாற்றம்தானா என்று தெளிவாக்கத்தான் பி16 சாயமாம். அந்தச் சோதனை அங்கே இல்லையாம்.

சிஐஎன் 1 என்றால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும், கவனித்து வந்தால் போதும். 3 என்றால் சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். "இருக்கலாம்" என்றால் என்ன செய்வது ஐயா?

கடைசியில் சதை பதித்த மெழுகுக் கட்டியை எங்கள் கையிலேயே தந்து, திருவனந்தபுரத்தில் தனியார் லேபில் பார்க்கச் சொன்னார்கள். மார்த்தாண்டத்தில் பஸ் மாறி, களியக்காவிளை தாண்டிப் போனோம். சித்திரை வெயில். மெழுகு உருகிவிடுமோ என்று மைனி அதை ஈரத்துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். 60 டிகிரி பக்கம் சூடு போனால்தான் உருகுமாம், லேபில் சிரித்தார்கள். முன்னாடியே இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. இரண்டு நாள் கூலியும் போனது.

ஆகவே கோருவது:

1. பி16 சோதனை மாவட்டத்துக்குள்ளேயே வேண்டும்.

2. எடுத்த சதையை உடனே 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். கடுகளவு துண்டுதான், அதை மெழுகில் நிமிர்த்திப் பதிக்காவிட்டால் மேல்தோல் அடி முதல் நுனி வரை தெரியாதாம். ஒரே சீவலைப் பார்த்து முடிவு எழுதாமல், இன்னும் உள்ளே வெட்டிப் பார்க்க வேண்டும். முதலிலேயே ஒழுங்காக எடுத்துப் பதித்திருந்தால் மைனியை மறுபடி அந்த மேசையில் படுக்க வைத்திருக்க வேண்டியதில்லை அல்லவா?

3. சந்தேகமான ஸ்லைடை இன்னொரு டாக்டரும் பார்க்கட்டும்.

4. முடிவு வந்ததும் போன் செய்யுங்கள். முகாமுக்கு வீடு வீடாக வந்து கூப்பிடத் தெரிகிறது, முடிவைச் சொல்லக் கூப்பிடத் தெரியாதா? ஜன்னல் முன்னால் நின்று "இன்னும் வரல" என்று கேட்டுத் திரும்பியது எத்தனை முறை! மன்னிக்கவும் ஐயா, ஆற்றாமையில் எழுதிவிட்டேன்.

மைனிக்கு பி16 பாசிட்டிவ் என்று வந்து, சிகிச்சையும் முடிந்துவிட்டது. எங்கள் குழுவில் இன்னும் இரண்டு பேரின் சதை ஆய்வுக்குப் போயிருக்கிறது. அவர்களையும் மெழுகுக் கட்டியோடு பஸ் ஏற்றிவிடாதீர்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள