மீட்ட அன்றே சான்றிதழ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் பிப்ரவரி 9-ஆம் நாள் அரசு அலுவலகங்களில் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கப்படுகிறது. 1976-இல் அதே நாளில்தான் ஒழிப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. உறுதிமொழியில் எனக்குக் குறையில்லை. கடன் ஒழிந்ததற்கும் மறுவாழ்வு உதவிக்கும் ஆதாரமாக, மீட்கப்பட்டவருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் வழங்க வேண்டிய விடுதலைச் சான்றிதழ் உரிய நேரத்தில் அவர் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதே என் கேள்வி.

திருவள்ளூர் மாவட்டத்தில், செங்கல் சூளைகள் சூழ்ந்த ஊர் ஒன்றில் ஆசிரியராக இருந்தேன். தை பிறந்ததும் சூளைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் வகுப்பில் வந்து உட்காருவார்கள். பாதி நாள் படிப்பு, பாதி நாள் பச்சைக்கல்லை, அதாவது சுடாத செங்கல்லை, திருப்பிப் போடும் வேலை. அவர்களில் ஒரு மாணவியின் தகப்பனார் ஒருநாள் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து, "இன்னும் எவ்வளவு நிக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார். முதல் பக்கத்தில் சூளை முதலாளி கொடுத்த முன்பணம். அதன் கீழே வாரச் செலவுக்குக் கொடுத்தது, காய்ச்சலுக்கு ஊசி போட்டது, மழையில் கரைந்த கல்லுக்காகக் கழித்தது. ஐந்து மாதம் குடும்பமே கல் அறுத்த பிறகும் கடன் ஏறியிருந்ததே தவிர இறங்கவில்லை. ஊரில் தாயார் இறந்தபோதுகூட, மனைவியையும் மகளையும் சூளையில் விட்டுவிட்டுத்தான் அவரால் போக முடிந்தது.

அப்படிப்பட்ட கடன், சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி அடியோடு அற்றுப்போன கடன். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் 15-ஆம் பிரிவு கடன் கொடுத்தவர்மீதே சுமத்துகிறது. விசாரணையிலோ முன்பணத்துக்கு அத்தாட்சி உண்டா, அடித்தார்களா, பூட்டி வைத்தார்களா என்று அதிகாரிகள் தொழிலாளியைத்தான் துருவுகிறார்கள். ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில், கட்டாய உழைப்பு என்றே வைத்துக்கொண்டாலும் கடன் மெய்ப்பிக்கப்படாதவரை அவர்கள் கொத்தடிமைகள் அல்லர் என்று அரியானா அரசு வாதிட்டபோது, கட்டாய உழைப்பு தெரிந்தாலே முன்பணம் இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று 1983-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டம் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறாருக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என்கிறது. உடனடி உதவி முன்பு 20,000. இப்போது 30,000 வரை. எஞ்சிய தொகை முதலாளிமீதான வழக்கின் போக்கோடு முடிச்சிடப்பட்டிருக்கிறது. சூளையை விட்டு வந்தவர் வழக்கு முடியும்வரை எதைத் தின்பார்? மறுபடியும் ஒரு மேஸ்திரியிடம் முன்பணம்தான். சட்டம் இயற்றப்பட்டபோது அதன் 21-ஆம் பிரிவு, நிர்வாக நடுவர்களுக்கே (கோட்டாட்சியர் போன்ற வருவாய் அதிகாரிகளுக்கே) அதிகாரம் அளித்து இக்குற்றங்களைச் சுருக்க முறையில், நீண்ட விசாரணையின்றி, விசாரிக்க வழிசெய்தது. அந்த வழி ஏன் தாராளமாகப் பயன்படுத்தப்படவில்லை என்பது புரியவில்லை. (தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அபராதம் 2,000 ரூபாய் வரை. இன்று ஒரு லோடு செங்கல் விலைக்குக்கூட அது காணாது.)

ஆகவே, வாக்குமூலம் பதிந்த அன்றே, தொழிலாளர்களைச் சொந்த ஊருக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்புவதற்கு முன்பாக, கோட்டாட்சியர் கையொப்பமிட்ட சான்றிதழை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒப்படைக்க வேண்டும் என்று தமிழக அரசு ஆணையிடக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
திருவள்ளூர் மாவட்டம்.