கெயினைத் தொடும் முன்...

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும் கண்டென்சர் மைக் வாங்கிப் பாட்டோ கதைவாசிப்போ பதிவு செய்பவர்கள், இரைச்சலை எந்த மென்பொருளால் நீக்கலாம் என்றே முதலில் கேட்கிறார்கள். மைக்கின் உடம்பிலேயே இருக்கும் சுவிட்சுகளை யாரும் கவனிப்பதில்லை. அவற்றைச் சரியாக வைக்காமல் மைக்கிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழை மட்டும் திருகினால் பதிவு தேறாது.

பெரிய டயாஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் சவ்வு) உள்ள மைக்குகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் பேச வேண்டியவை. இதய வடிவக் குறியோ நிறுவன முத்திரையோ உள்ள பக்கமே முகப்பு. திருப்பி வைத்துப் பேசினால் குரல் எட்டத்தில் மங்கிக் கேட்கும்.

கேபிளைச் செருகி, ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்த பிறகே அந்தக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரத்தைப் போடுங்கள். கழற்றும்போது அதை அணைத்து அரை நிமிடம் பொறுங்கள்.

மைக் எந்தத் திசைகளில் கேட்கும் என்பதைக் காட்ட இதயம், வட்டம், எட்டு என்று மூன்று குறிகள் இருந்தால், எதிரொலி உள்ள சாதாரண அறைக்கு இதயமே ஏற்றது. அதற்கு முதுகுப்புறம் காது மந்தம். மின்விசிறியும் கணினியும் அந்தப் பக்கம் இருக்கட்டும். எதிரெதிரே அமர்ந்து இருவர் பேச எட்டு நல்லது.

வளைந்த கோட்டுக் குறி லோ கட், அதாவது அடித்தொனியை வெட்டும் சுவிட்ச். பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். காலடி அதிர்வு, மேசைத் தட்டல், தூரத்து வண்டி உறுமல் எல்லாம் அதற்குக் கீழேதான் குவிகின்றன. பேச்சுக் குரல் அநேகமாக அதற்கு மேலேயே இருப்பதால் துணிந்து போடலாம். பேஸ் கிதாருக்கும் பெரிய டிரம்முக்கும் வேண்டாம்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, மைக்கின் ஒலியளவைக் குறைக்கும் பேட் சுவிட்ச். மைனஸ் 10 டெசிபலில் அது தெரியாமல் விழுந்திருந்தால், இழந்ததை ஈடுகட்டக் கெயினை அதே 10 டெசிபல் ஏற்றுவோம். கூடவே ப்ரீஆம்ப் (கெயின் குமிழுக்குப் பின்னுள்ள ஒலிபெருக்கிச் சுற்று) இரைச்சலும் ஏறும். வாசிப்புக்குப் பேட் தேவையே இல்லை. டிரம், டிரம்பெட் போன்றவற்றை நெருங்கிப் பதிவு செய்யும்போதுதான் வேண்டும். பூஜ்யம் டெசிபலே உச்ச வரம்பான பதிவுத் திரையில் அலை மைனஸ் 15-ஐத் தாண்டவில்லை, ஆனாலும் அதன் உச்சிகள் கத்தரித்தாற்போல் தட்டையாக இருக்கின்றன, ஒலி கரகரக்கிறது என்றால் மைக்குக்குள்ளிருக்கும் சுற்றே திணறுகிறது. அப்போது கெயினைக் குறைத்துப் பயனில்லை. பேட் போடுங்கள், இல்லையேல் மைக்கை விலக்குங்கள்.

தூரம் 15 முதல் 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், அறையின் இரைச்சல் ஏறாது. இதைவிட நல்ல இரைச்சல் நீக்கி கிடையாது. ஆனால் இதய வடிவத்தில் மிக நெருங்கினால் அடிக்குரல் ஊதிப்போகும். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து "அப்பா" என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் காற்றடிதான் பதிவில் தொம்மென்று விழுகிறது. அதைத் தடுக்கும் வலைத் திரையான பாப் ஃபில்டரை மைக்கிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். மைக்கைச் சற்றே சாய்த்துத் திருப்பினால் சகரச் சீறலும் தணியும்.

கெயின் கடைசியில்தான். உள்ளதிலேயே உரத்த வரியை முழுக் குரலில் பாடச் சொல்லி, உச்சி மைனஸ் 12-க்கும் 10-க்கும் இடையில் நிற்குமாறு வையுங்கள். சன்னமான ஒலியையும் தெளிவாகப் பிடிக்கும் 24 பிட் பதிவில் பூஜ்யத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

மைக் வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்க்காதீர்கள். ஈரம் படிந்தால் பொரிவது போன்ற ஓசை வரும். சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் மூடி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர் ஒருவர்