ஆகஸ்ட் 15: திருப்பலி, கொடியேற்றம்

நம் அன்பிய (அக்கம்பக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழு) உறவுகள் அனைவருக்கும் மரியே வாழ்க!

வரும் சனிக்கிழமை அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா, சுதந்திர தினமும் அன்றுதான். 1947-க்கு முன்பே நம் முன்னோர் திருநாளாகக் கொண்டாடிய நாளில்தான் நாட்டுக்கும் விடுதலை கிடைத்தது. எனக்கு இது எப்போதும் இரட்டை மகிழ்ச்சி.

1. காலை 6.30: திருப்பலி. 7.45: கோவில் வளாகத்தில் கொடியேற்றம்.

2. தாத்தா, பாட்டிகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். அவர்களுக்கு நிழலில் நாற்காலி போடுகிறோம்.

3. நாட்டுப்பண் முழுவதும் பாட 52 விநாடிதான். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடிப் பழக்குங்கள்.

4. பிளாஸ்டிக் கொடி வேண்டாம், கொடி விதிகளும் அதை ஏற்பதில்லை. காகிதக் கொடி போதும். குத்தும்போது காவி மேலே, பச்சை கீழே. போன வருடம் வளாகத்தைக் கூட்டும்போது குப்பையோடு கொடிகளும் கிடந்தன, மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. இந்த முறை வாசலில் ஒரு பெட்டி இருக்கும். போகும்போது அதில் போட்டுவிடுங்கள், மரியாதையோடு அப்புறப்படுத்துவோம்.

5. அப்புறம் எல்லோரும் சேர்ந்து காலை உணவு: இட்லி, பொங்கல். தட்டு, டம்ளர் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்.

6. வெள்ளி மாலை 5 மணிக்கு வளாகத்தை அலங்கரிக்க இளையோர் வரவும்.

உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவீர்கள்? புதன் இரவு 8 மணிக்குள் எண்ணை மட்டும் இங்கே பதிவிடுங்கள், அதை வைத்துத்தான் அரிசி ஊறப்போட வேண்டும். பேச, பாட விரும்பும் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்தே அனுப்புங்கள்.

நன்றி.
அன்பியப் பொறுப்பாளர்