கண் இருந்த இடத்துக்கு லென்ஸ்

மயிலாப்பூர்,
சென்னை.

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. கும்பகோணத்து வீட்டை ஒழிக்கும்போது அப்பாவின் ரோலிகார்டு கேமரா அகப்பட்டது என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேத்திக்கு அரும்புப் பல் முளைத்த செய்தியைக்கூட இரண்டாவது தடவை படித்தபோதுதான் மனதில் வாங்கினேன். குழந்தைக்கு என் ஆசிகள். இங்கே செண்பகத்துக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் குளத்தைச் சுற்றி நடக்கிறாள். லஸ் பக்கம் மெட்ரோ வேலை இன்னும் நடக்கிறது. ஒரே தூசி. கேமராவைப் பையைவிட்டு வெளியே எடுக்கவே யோசனையாக இருக்கிறது.

தோல் உறைக்குள் இருந்த அந்த இரண்டு வட்டக் கண்ணாடிகள் எதற்கு என்று கேட்டிருந்தாய். அதன் பெயர் ரோலினார். கிட்டத்தில் இருக்கும் பொருளைப் படம் எடுப்பதற்கான ஜோடி. உன்னுடையதில் 2 என்று பொறித்திருப்பதாக எழுதியிருந்தாய், நல்ல நம்பர்தான் கிடைத்திருக்கிறது. நம் இரட்டை லென்ஸ் கேமராக்கள் சுமார் மூன்றடிக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. இந்தக் கண்ணாடியை மாட்டினால் அரை மீட்டரிலிருந்து சுமார் 31 சென்டிமீட்டர் வரை போகலாம். வெள்ளெழுத்துக்கு நீயும் நானும் போடுகிற கண்ணாடி மாதிரிதான், பிளஸ் பவர். பவர் 2 என்றால், கேமராவின் ஃபோகஸை முடிவிலியில், அதாவது வெகு தூரத்தில், வைத்தால் அரை மீட்டரில் இருப்பது தெளியும். கேமராவின் கிட்டத் தூரமான ஒரு மீட்டரில் வைத்தால் பவர் மூன்றாகிவிடும், மூன்றில் ஒரு மீட்டரில் தெளியும். அங்கே சட்டத்துக்குள் அடங்குவது ஏறத்தாழ ஒரு சாண் அகலம்.

ஜோடியில் மெல்லியது கீழ் லென்ஸுக்கு, அதாவது படம் விழுகிற லென்ஸுக்கு. தடித்தது மேலே, நாம் பார்க்கிற லென்ஸுக்கு. தடிப்புக்குக் காரணம் உள்ளே இருக்கிற பிரிஸம். இரண்டு லென்ஸுக்கும் நடுவே 42 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது அல்லவா? கோயில் கோபுரத்தை எடுக்கும்போது அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு சாண் அகலச் சட்டத்தில் அது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. நாம் குனிந்து பார்க்கிற கண்ணாடித் திரையில் பூ முழுசாகத் தெரியும், ஃபிலிமில் அதன் தலை வெட்டுப்பட்டிருக்கும். பிரிஸம் மேல் லென்ஸின் பார்வையைக் கீழே வளைத்து இதைச் சரிசெய்கிறது. சிவப்புப் புள்ளி உச்சியில் இருக்கும்படி மாட்ட வேண்டும். தலைகீழாக மாட்டினால் பார்வை எதிர்ப்பக்கம் வளைந்து பிழை இரட்டிப்பாகிவிடும்.

இந்தப் பிரிஸத்தால் ஆகாத காரியமும் ஒன்று இருக்கிறது, கணேசா. இந்தக் கடிதத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே அதுதான். எங்கள் தெருக்கோடி வீட்டு நாகலிங்க மரம் உனக்கு ஞாபகம் இருக்கும். பூ கிளை நுனியில் பூக்காது, அடிமரத்திலிருந்தே தண்டுவிட்டு மார்பு உயரத்தில் பூக்கும். இடுப்பருகே வைத்துக் குனிந்து பார்க்கிற நம் கேமராவுக்கென்றே பூத்த மாதிரி இருக்கும். மேலே படம் விரித்த பாம்பு, அதற்கடியில் லிங்கம். இந்தப் பூவைப் படம் எடுப்பதில் விஷயமே, பாம்புக்கும் லிங்கத்துக்கும் இடையே உள்ள அந்த இடுக்குதான். மேல் லென்ஸ் வழியே இடுக்கு அழகாகத் திறந்து தெரியும். கீழ் லென்ஸ் நான்கு சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது. முப்பத்துமூன்று சென்டிமீட்டர் தூரத்தில் அது ஏழு டிகிரிக்கு மேல் கோண வித்தியாசம். அங்கிருந்து பார்த்தால் லிங்கம் இதழ் விளிம்புக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொள்ளும், பின்னணியில் உள்ள மரப்பட்டையும் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும். பிரிஸம் சட்டத்தைப் பூவின்மேல் கொண்டுவந்து வைக்கும், அவ்வளவுதான். பார்க்கும் இடத்தை அது மாற்றாது.

ஆகவே நான் ஸ்டாண்டில் வைத்து எடுக்கும்போது பிரிஸத்தை நம்புவதில்லை. பவர் மட்டும் உள்ள சாதாரண குளோசப் லென்ஸை மேலே மாட்டிக் கோணம் பார்த்து, ஃபோகஸ் செய்துவிட்டு, கேமராவை நேர்செங்குத்தாக 42 மில்லிமீட்டர் உயர்த்துவேன். கண் இருந்த இடத்துக்கு லென்ஸ் வந்துவிடும். ஸ்டாண்டின் நடுத்தண்டு செங்குத்தாக இருக்கவேண்டும், கேமராவும் சாயாமல் இருக்கவேண்டும். பிவிசி குழாயில் 42 மில்லிமீட்டர் துண்டு வெட்டி, நீளவாக்கில் கீறி வைத்திருக்கிறேன். தண்டைத் தூக்கி அதைச் செருகினால் அளவு பிசகாது. மாமியா இரட்டை லென்ஸ் கேமராக்களுக்கு இதே வேலையைச் செய்ய பாராமெண்டர் என்ற கருவியையே விற்றார்கள். இந்த முறையில் ஒரே ஒரு குளோசப் லென்ஸ் இருந்தாலும் போதும். மேலே மாட்டிப் பார்த்துவிட்டு, கழற்றிக் கீழே மாட்டிக்கொள்ளலாம். உன் ஜோடியில் மெல்லியதை அப்படித்தான் வைத்துக்கொள்ளேன்.

கையில் பிடித்து எடுப்பதாக இருந்தால் பிரிஸமே கதி, அப்போது அது பெரிய உபகாரம்.

வெளிச்சக் கணக்கில் எதையும் கூட்டவேண்டாம். மாமியாவில் பெல்லோஸை, அதாவது லென்ஸைத் தாங்குகிற மடிப்புத் துருத்தியை, நீட்டி எடுப்பவர்கள்தான் கூட்டிக் கொடுக்கவேண்டும், நமக்கு லென்ஸ் ஃபிலிமைவிட்டு நகர்வதே கொஞ்சம்தான். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, மட்டும் தயங்காமல் எஃப் 11, 16 என்று நன்றாக மூடு; எண் கூடக்கூடத் திறப்பு சுருங்கும். இத்தனை கிட்டத்தில் எஃப் 8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர்தான், நாகலிங்கப் பூ அதற்குள் அடங்காது. ஓரங்களில் வருகிற மங்கலும் மூடினால்தான் அடங்கும். மேல் லென்ஸுக்கு அப்பர்ச்சரே கிடையாது, எப்போதும் முழுக்கத் திறந்திருக்கும். திரையில் தெரியும் மங்கலை வைத்துப் படத்தின் ஆழத்தைக் கணிக்காதே. பார்க்கும் மூடிக்குள் உள்ள உருப்பெருக்கியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஃபோகஸ் பார்.

400 வேக ஃபிலிம், எஃப் 11, மர நிழலில் 1/30 விநாடி என்று வரும். கேமரா அசையாமல் ஷட்டரை அழுத்துகிற கம்பி, கேபிள் ரிலீஸ், கட்டாயம். நான் விடிந்ததும் போய்விடுவேன். காற்று அசங்காது, பூவின் வாசனையும் அப்போதுதான் தெருவரைக்கும் வரும். மத்தியானம் கடற்காற்று எழும்பிவிட்டால் பூ நிலையாக நிற்காது, நாம் என்ன முயன்றும் பயனில்லை.

பாட்டியின் காசுமாலையை எடுக்க ஆசை என்று எழுதியிருந்தாயே, அதற்கு வேறு வழி. கேமராவைக் கவிழ்த்துக் கீழ்நோக்கி வைத்தால் பார்க்கும் மூடி பக்கவாட்டில் திறந்திருக்கும், நீ அந்தப் பக்கம் நின்று பார்ப்பாய். அப்போது கேமராவை அசைக்காதே. காசுமாலையை ஒரு பலகைமேல் பரப்பி வை. பார்த்து முடித்ததும் பலகையை உன்னைவிட்டு அப்பால் அதே 42 மில்லிமீட்டர் தள்ளு. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழட்டும், காசுகளின் முத்திரை எழும்பித் தெரியும். அப்பாவின் கணக்கு நோட்டுகளுக்கு மட்டும் இது வேண்டாம். தட்டையான எழுத்து மூலைவரை தெளிவாக வர இந்த ஒற்றைக் கண்ணாடி போதாது. அதற்கு ஸ்கேனர்தான் சரி.

பேத்தியின் முகத்துக்கும் 2 வேண்டாம். அவ்வளவு கிட்டே போனால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஓடிவிடும். 1 நம்பர் ஜோடி கிடைத்தால், அதை வைத்து முக்கால் மீட்டருக்குக் குறையாமல் நின்று எடு. என்னிடம் ஒன்று இருக்கிறது. என் யாஷிகா மேட் 124ஜியும் பல ரோலிகார்டு மாடல்களும் ஒரே பேயனெட் 1 அளவு, அதாவது லென்ஸ் முன்னால் கண்ணாடி மாட்டுகிற வளையம் ஒன்றேதான். எனவே உனதில் மாட்டும் என்றே நினைக்கிறேன். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை நன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து போனில் அனுப்பு, பார்த்துவிட்டுப் பார்சல் போடுகிறேன்.

முதலில் கண்ணாடிகளை டார்ச் அடித்துப் பார். இத்தனை வருஷம் மூடிய தோல் உறைக்குள் இருந்திருக்கிறது, பூஞ்சை நூல் ஓடியிருக்கலாம். எங்கள் கடலோர ஈரத்துக்கு நான் எல்லாவற்றையும் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில்தான் வைத்திருக்கிறேன். நீயும் தோல் உறையைத் தனியாக வை, கண்ணாடியை அதில் திரும்பப் போடாதே. ஷட்டர் ஒரு விநாடியில் ஒழுங்காக ஓடுகிறதா என்றும் காதால் கேட்டு எழுது.

அன்புடன்,
ரகு