லிஸ்ட் எடுக்கும் முன்: எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

"கேம் ஆடுற பசங்களை லிஸ்ட் எடுங்க, பெத்தவங்களை வரச் சொல்லுங்க" என்று போன கூட்டத்தில் ஒருவர் சொன்னதும் பலர் தலையாட்டினீர்கள். இரண்டு வருஷம் முன்னால் அப்படி ஒரு லிஸ்ட் எடுத்திருந்தால் என் மகன் பெயர்தான் முதலில் இருந்திருக்கும்.

ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடித்து, ஒன்பதாவதுக்கு டவுனுக்கு வந்தான். அவனுக்குக் கொஞ்சம் திக்கும். ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்ததில்லை. இங்கே அவன் வாசிக்க எழுந்தால் பின்பெஞ்சில் அதே மாதிரி திக்கிக் காட்டியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியவர எட்டு மாதம் ஆனது. அதுவரை என் கண்ணில் பட்டதெல்லாம் போன்தான். ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம். ஒரு நாள் சத்தம் போடாமல் நின்று கேட்டேன். நாலு பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை. "நீ அந்தப் பக்கம் போடா, நான் கவர் பண்றேன்" என்று மளமளவென்று பேசிக்கொண்டிருந்தான். ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை.

அவன் அப்பா போனைச் சுவரில் அடித்து உடைத்தார். பிள்ளை எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பயந்துபோய் ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போனோம். மனநல டாக்டர் கேமைப் பற்றிக் கடைசியில்தான் கேட்டார். முதலில் கேட்டது, "எப்ப இருந்துப்பா ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கல?"

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நிறைய ஆடுவதையெல்லாம் அது நோய் என்று சொல்லவில்லை. நிறுத்த முடியாமல், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, கெடுதல் வந்த பிறகும் விடாமல், பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்தால்தான். மனச்சோர்வு பிள்ளையைக் கேமுக்குள் தள்ளும். கேம் தூக்கத்தைக் கெடுத்து மனச்சோர்வைக் கூட்டும். ஒரு முனையை மட்டும் வெட்டினால் தீராது. 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்ததும் பசங்கள் அடுத்த கேமுக்குப் போனதை நாமே பார்த்தோம்.

லிஸ்ட் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டரை அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள். போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐ நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுங்கள். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையிடம் ஓர் ஆசிரியர், போன் பேச்சையே எடுக்காமல், தனியாகப் பேசட்டும். திக்கும் பிள்ளை வாசிக்கும்போது யாராவது சிரித்தால் அந்த நிமிஷமே தடுத்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா