எக்டர் கேட்ட ஒரே வரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் பிரிட்டனின் பழங்கதை அரசன் ஆர்தர் கதையின் முதல் அத்தியாயமும் வந்து சேர்ந்தன. பிள்ளைகளுக்காக இதைத் தமிழில் எழுதத் துணிந்தாயே, ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு குறை. ஆர்தரை வளர்த்த எக்டரை இரண்டு வரியில் கடந்துவிட்டாய். அவரை விட்டால், உருவுபவனே அரசன் என்ற அந்த வாள் காட்சிக்கே பாதி உயிர் இல்லை.

1130களில் பிரிட்டன் மன்னர்களின் வரலாற்றை எழுதிய மான்மத் ஜெஃப்ரியிடம் வளர்ப்புத் தந்தையே கிடையாது. 1200 வாக்கில் ராபர்ட் டி போரோன் பெயரில் வழங்கும் ‘மெர்லின்’ என்ற பிரெஞ்சுக் கதையில்தான் அவர் வருகிறார், ஆன்டோர் என்ற பெயரில். காக்ஸ்டன் 1485இல் அச்சிட்ட மாலரியின் ஆங்கில ஆர்தர் நூலில் அவரே எக்டர். லான்சலாட்டின் தம்பி எக்டர் டி மாரிஸ் வேறு ஆள், இருவரையும் குழப்பிவிடாதே.

நீ விட்டுவிட்ட முக்கியமான விஷயம் தாய்ப்பால். குழந்தை ஆர்தருக்கு எக்டரின் மனைவியே பால் கொடுக்க வேண்டும், அவள் பெற்ற மகன் கே வேறொருத்தியிடம் பால் குடிக்கட்டும் என்பது மந்திரவாதி மெர்லின் சொன்ன ஏற்பாடு. பாலோடு குணமும் சேர்ந்து வரும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அதனால் பிரெஞ்சுக் கதையில் ஆன்டோர் ஆர்தரிடம் கேட்பது இதுதான்: கேயை உன் செனெஷலாக, அதாவது அரண்மனைப் பொறுப்பாளனாக, வைத்துக்கொள், அவன் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள், அவனுடைய கெட்ட குணம் செவிலியின் பாலால் வந்தது, உன்னை வளர்க்கத்தான் அவனைத் தாயிடமிருந்து பிரித்தோம். மாலரியிலும் எக்டர் அதே பதவியைக் கேட்கிறார், ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்வதில்லை. அதனால் மாலரியை மட்டும் படிப்பவர்களுக்குக் கே வெறும் வாய்த்துடுக்குக்காரனாகத் தெரிகிறான். இந்த இடத்தில் நீ பிரெஞ்சுக் கதையையே பின்பற்று. அவன் என்ன பேசினாலும் ஆர்தர் ஏன் அவனை விலக்கவில்லை என்று பிள்ளைகளுக்கும் புரியும்.

செனெஷலை ‘அமைச்சர்’ என்று எழுதியிருக்கிறாய். அது பொருந்தாது. அரண்மனைச் சமையல், பண்டசாலை, விருந்து, வேலையாட்கள் எல்லாவற்றையும் கவனிப்பவர் அவர். ‘அரண்மனைக் காரியஸ்தர்’ என்று வைத்துக்கொள்.

வாள் காட்சியின் வரிசையையும் மாலரியோடு ஒருமுறை ஒத்துப்பார். வாள் நேராகக் கல்லில் செருகியிருக்கவில்லை. சலவைக்கல் போன்ற சதுரக் கல், அதன் நடுவில் ஓர் அடி உயர எஃகுப் பட்டடை, அதில்தான் வாள். புத்தாண்டு நாள் போட்டிக்குப் போகும் வழியில், தன் வாளைத் தங்கிய வீட்டிலேயே மறந்துவிட்டதைக் கே உணர்கிறான். எடுத்துவர ஆர்தரை அனுப்புகிறான். வீட்டில் எல்லோரும் போட்டி பார்க்கப் போய்விட்டார்கள். அந்தக் கல் இருந்த தேவாலயத்தில் காவலுக்கு இருந்தவர்களும் இல்லை. ஆர்தர் அந்த வாளை உருவிக்கொண்டு வந்து அண்ணனிடம் கொடுக்கிறான்.

இங்கிருந்து எக்டரைக் கவனி. ‘வாள் என்னிடம் இருக்கிறது, நான்தான் அரசன்’ என்று பெற்ற மகன் வந்து நிற்கிறான். அவர் துள்ளிக் குதிக்கவில்லை, திட்டவும் இல்லை. மூவருமாகத் தேவாலயத்துக்குத் திரும்புகிறார்கள். உள்ளே அழைத்துப்போய், வாள் எப்படிக் கிடைத்தது என்று கேயைப் புத்தகத்தின்மேல் சத்தியம் செய்யவைக்கிறார். உண்மை வந்துவிடுகிறது. பிறகு ஆர்தர் வாளைத் திரும்பச் செருக, முதலில் எக்டரே இழுத்துப் பார்க்கிறார், வரவில்லை. அடுத்துக் கே, அதுவும் வரவில்லை. ஆர்தர் சுலபமாக உருவுகிறான். உடனே தகப்பனும் அண்ணனும் மண்டியிடுகிறார்கள்.

உன் அத்தியாயத்தில் அப்போது ஆர்தர் மகிழ்கிறான். அது சரியில்லை. எக்டர் தன் தகப்பன் இல்லை என்று தெரிந்ததும் அவன் மிகவும் வருந்துகிறான். கிரீடம் கிடைப்பதும் அப்பா இல்லாமல் போவதும் அவனுக்கு ஒரே நேரத்தில் நடக்கின்றன. வேண்டியதைக் கேளுங்கள் என்று அவன் சொல்லும்போது, எக்டர் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. கேயின் பதவி மட்டும்தான்.

திருத்திய பிரதியைச் சீக்கிரம் அனுப்பு. கைக்குழந்தை கேயைச் செவிலி தூக்கிக்கொண்டு போகும் இடத்தை மட்டும் அவசரப்படாமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்