மூலையில் கிடப்பதைக் கிளறாதே

அன்புள்ள அம்முவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அண்ணன் வீடு மாறுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அதைப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்தத் தேளைக் கையில் எடுக்காதே.

நீ அண்ணனுக்கு அனுப்பிய படத்தை அவன் எனக்குக் காட்டினான். பெட்டி அழகாக இருக்கிறது. மரப்பட்டையை அது ஒளிந்துகொள்ள வசதியாகச் சாய்த்து வைத்திருந்த விதத்திலேயே உன் கைவேலை தெரிந்தது. படத்தின் ஓரத்தில் உன் வலது கை ஆள்காட்டி விரலும் தெரிந்தது. விரலில் கட்டு எதற்கு என்று நான் அண்ணனிடம் கேட்கவில்லை. காய் நறுக்கும்போதும் விரலை வெட்டிக்கொள்வதுண்டு.

இந்த நாற்பது நாளாக உன் நட்டுவாக்காலியை, அந்தப் பெரிய கருந்தேளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் சருகுக்கும் மண்ணுக்கும் அடியில் வாழ்வது என்று தெரிந்துகொண்டேன். பருத்த இடுக்கியும் மெலிந்த வாலும் உள்ள தேள்கள் பெரும்பாலும் இடுக்கியை நம்பி வாழ்பவை, விஷத்தின் வேகம் குறைவு. மெல்லிய இடுக்கியும் தடித்த வாலும் கொண்ட செந்தேள் போன்றவைதான் உயிருக்கே ஆபத்து என்று படித்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் ஒவ்வாமை பற்றிப் படித்தேன். குளவி கொட்டினால் சிலருக்கு ஆவதைப்போல இதன் விஷமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடு. கொட்டாவிட்டாலும் அந்த இடுக்கி விரலைக் கவ்வினால் ரத்தமே வரலாம். இடம் மாற்ற வேண்டுமென்றால் டப்பாவைக் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகி எடு. கையால் எடுக்காதே.

படத்தில் மண் இரண்டு விரற்கடை உயரம்தான் தெரிந்தது. அது போதாது. குழி தோண்டி வாழும் உயிர் அது. 10 முதல் 15 சென்டிமீட்டராவது தென்னை நார்த்தூளை நிரப்பு. அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, அதுதான் ஈரத்தின் அளவு. காற்றுக்கு வழியில்லாமல் ஈரம் மட்டும் தேங்கினால் பூஞ்சையும் உண்ணியும் வந்துவிடும். சூட்டுத் தகட்டை அடியில் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துப் பக்கவாட்டில் ஒட்டிவிடு. சூடு தாங்காவிட்டால் மண்ணைத் தோண்டிக் கீழே போவது அதன் இயல்பு. கீழேயே சூடு இருந்தால் தப்பிக்கப் போகும் இடமே அதை வதைத்துவிடும். மூடியைத் தினமும் இரண்டு முறை சோதித்துப் பார். கண்ணாடியில் ஏற முடியாது என்று நம்பிவிடாதே, மரப்பட்டை மேல் ஏறி நின்றால் மூடி எட்டும்.

இதையெல்லாம் நீ என்னிடமே கேட்டிருக்கலாம். ஆறு வயதில் எறும்புப் புற்றின் முன்னால் மணிக்கணக்கில் குந்தியிருந்தவள் நீ. எது வேலைக்கார எறும்பு, எது ராணி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். அந்தப் பொறுமை நம் வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது. இப்போது அண்ணனுக்குப் படம் அனுப்பத் தெரிகிறது. அப்பாவுக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

மூன்று வாரமாக எதுவும் சாப்பிடாமல் மூலையில் கிடக்கிறது என்று அன்று தொலைபேசியில் சொன்னாய் அல்லவா? பயப்படாதே. உணவில்லாமல் பல வாரங்கள் தாங்கும். தோலுரிக்கப் போவதாக இருக்கலாம். அப்படியென்றால் உயிருள்ள சுவர்க்கோழி எதையும் உள்ளே விட்டுவைக்காதே. தோலுரித்த தேள் வெளுத்து மெத்தென்று கிடக்கும், அந்த நேரத்தில் சுவர்க்கோழியே அதைக் கடித்துத் தின்றுவிடும். தண்ணீர்த் தட்டு மட்டும் இருக்கட்டும், அதில் கூழாங்கற்களைப் போட்டுவை. குச்சியால் கிளறாதே.

இன்னொன்றும் இருக்கலாம். காட்டிலிருந்து பிடித்து விற்கப்படும் பெண் தேள்கள் பல வேளைகளில் சினையாகவே வருகின்றனவாம். அது முட்டையிடாது, குட்டி போடும். குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொண்டு, முதல் முறை தோலுரிக்கும்வரை அங்கேயே இருக்கும். தாய் மிரண்டால் குட்டிகளைத் தானே தின்றுவிடுவதும் உண்டு. அதனால் குட்டிகள் தெரிந்தால் பெட்டியை நகர்த்தக்கூடச் செய்யாதே.

குட்டிகள் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்கட்டில் அந்தக் கல்லைப் புரட்டியவள் நீ. கரிய முதுகு முழுக்க வெள்ளை வெளேரென்று, ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாத் தலைகளும் வெளிப்பக்கம் பார்த்தபடி. "அப்பா, இது பாப்பாக்களைத் தூக்கி வைத்திருக்கிறது" என்று கூப்பிட்டாய். நான் வந்ததும் செங்கல்லைத் தூக்கிப் போட்டேன்.

உன்னைக் கொட்ட வந்தது என்று அன்று சொன்னேன். அதற்குப் பிறகு இருபது வருடமாக உறவினர் வீடுகளிலெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், மகளைத் தேளிடமிருந்து காப்பாற்றிய கதையாக. அது கொட்ட வரவில்லை, அம்மு. வாலை மடக்கிக்கொண்டு மறுபடியும் கல்லுக்கு அடியில் நுழையத்தான் பார்த்தது. நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். ஒவ்வொரு முறை நான் அந்தக் கதையைச் சொல்லும்போதும் நீ எழுந்து வேறு அறைக்குப் போவாய். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நான் பேச்சை மாற்றிவிடுவேன். பயந்துபோய்ச் செய்தேன் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அதே வாயால்தான் அன்று தொலைபேசியில் "சாகட்டும் விடு, தொல்லை ஒழிந்தது" என்று சொன்னேன். நீ ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். இது நாற்பத்தோராவது நாள். நான் சொன்னது தவறு. அன்றும் தவறு, இன்றும் தவறு.

அந்தக் கதையை இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

விரலுக்கு என்ன ஆனது என்று மட்டும் எழுது. அதுவாகவே இருந்தாலும் எழுது, நான் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். குட்டிகள் வந்தால் அண்ணனுக்கு அனுப்பும் படத்தை எனக்கும் அனுப்பு. தள்ளி நின்று எடு. கையில் எடுக்காதே.

அப்பா